ஷாவெஸ் பாலத்தில் மணி மூன்று

"ஐயோ...!"

திங்கள் காலை. சுவிஸ் நகரமான நொஷாட்டலில் ஓர் உணவகத்தைத் துப்புரவு செய்ய வந்த கிருசிகா, கணவனின் சாவியால் சமையலறையைத் திறந்தவள் அலறிவிட்டாள்.

முதலாளி ரெனே குப்புறக் கிடந்தார். முதுகில் இறைச்சிக் கத்தி!

'ஞாயிறு பகல் மூன்று மணிக்குக் கொலை' என்றது பொலிஸ்.

சாவி இருந்தது இரண்டு வேலையாட்களிடம். சமையற்காரன் அர்மாண்டோ, சனிக்கிழமையே சொந்த ஊருக்குக் காரில் போய்விட்டான். அவன் மனைவியே சாட்சி! ஊர் ஷாவெஸ். ஸ்பெயினை ஒட்டிய போர்த்துக்கல் எல்லையில், ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிடக்கும் பழைய ஊர்.

மற்றவன் கோப்பை கழுவும் சிந்துஜன். கிருசிகாவின் கணவன்!

பிடித்து உள்ளே போட்டார்கள்.

அவள் சும்மா இருப்பாளா? மூன்றாம் நாள் பொலிஸ் நிலையத்தில், மொழிபெயர்ப்பாளர் யேசுதாசன் முன்னால் போனை நீட்டினாள்.

"அண்ணை, இதைக் கேளுங்கோ. ஞாயிறு சரியா மூண்டு மணிக்கு அர்மாண்டோ எங்கட வேலை வாட்ஸ்அப் குரூப்பில போட்ட குரல்பதிவு."

'ஷாவெஸில ரோமர் கட்டின பாலத்தில நிக்கிறன். கீழ ஆறு ஓடுது...' என்றது பிரெஞ்சுக் குரல். பின்னால் கோயில் மணி.

டாண்... டாண்... டாண்!

"மூண்டு தரம் அடிக்குது. சரிதானே, தங்கச்சி?"

"பிழை அண்ணை! இஞ்ச மூண்டெண்டா போர்த்துக்கல்லில ரெண்டு!"

"எல்லைக்கு அங்கால ஸ்பெயினில மூண்டுதானே?"

"பத்துக் கிலோமீற்றர் தள்ளி அடிக்கிற மணி பாலத்தில கேக்குமோ? அவன் இஞ்சதான் நிண்டவன்! என்ர மனுசன் ஒரு பாவமும் அறியாதவர் அண்ணை..."

குரல் உடைந்து அழுதாள்.

யேசுதாசன் இன்ஸ்பெக்டரிடம் ஓடினார். ஒரு மணி நேரத்தில் அர்மாண்டோ பிடிபட்டான்... நொஷாட்டலிலேயே!

கிருசிகா கும்பிட்டாள். "கடவுளே... இனி அவரை விடுவினம்தானே?"

மாலையில் யேசுதாசன் பேயறைந்தவர் போல் வந்தார்.

"தங்கச்சி... அர்மாண்டோ மனுசிக்குப் பொய் சொல்லிப்போட்டு, உணவகத்துக்கு எதிர் வீட்டில ஒரு சிநேகிதியோட இருந்திருக்கிறான்."

"சரி... பிறகு?"

"ஜன்னலால சமையலறையில நடந்த எல்லாத்தையும் கண்டிருக்கிறான். சொன்னா தன்ர கள்ளம் வெளிய வந்திடுமெண்டு வாய் திறக்கேல்ல. இப்ப பிடிபட்டதும் சொல்லிப்போட்டான்... முதலாளி அண்டைக்கு வேலையால நிப்பாட்டினதுக்குக் குத்தினது சிந்துஜனாம். போனில படமும் இருக்கு!"

 

கைவிலங்கோடு சிந்துஜனைக் கூட்டி வந்தார்கள். அவன் மறுக்கவில்லை. மனைவியைப் பார்த்துக் கசப்பாகச் சிரித்தான்.

"அவன் தன்ர பாட்டில போர்த்துக்கல்லில இருந்தவன்... நீ ஏனப்பா அவனைச் சுவிசுக்குக் கூட்டிக்கொண்டு வந்தனீ?"