ஒரு சாண் இளைத்த மரம்

காலை 9.10.

காவல் நிலையத்துக்கு அந்த மாதத்தின் முதல் புகார் வந்தது. காணாமல் போன பொருள்: ஒரு சாண்.

"என்னம்மா ஒரு சாண்? துணியா, கயிறா?" என்றார் ஏட்டு.

"மரம்ணே. பஸ் ஸ்டாப் தூங்குமூஞ்சி மரம். ஒரு சாண் இளைச்சுப் போச்சு" என்றார் ஜெராக்ஸ் அக்கா.

ஏட்டு பேனாவைக் கீழே வைத்தார். "எப்பலேர்ந்து? சாப்பாடு ஒழுங்கா இறங்குதா?"

"கிண்டல் பண்ணாதீங்கண்ணே. சாயங்காலம் நாலு மணிக்கு அதிகாரி அளக்க வர்றாரு."

உள்ளறையிலிருந்து இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த பிறகு அவருக்குக் கிடைத்த பெரிய வழக்கு, ஒரு ஜோடிச் செருப்புக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடியதுதான். இருவருமே பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடித்து, செருப்பை மூன்றாவது ஆளிடம் ஒப்படைத்தார். அந்தச் சாதனையை வைத்துக்கொண்டு எத்தனை நாள்தான் காலம் தள்ளுவது?

"உள்ள வாங்கக்கா. முதல்லேர்ந்து சொல்லுங்க."

முதலிலிருந்து என்றால் இதுதான். ஊருக்கு வந்த முதல் தபால் மூட்டையை அந்த மரத்தடியில் கொட்டித்தான் பிரித்தார்கள். இன்றுவரை ஊரில் எல்லா விலாசமும் 'மரத்திலிருந்து வலது பக்கம்', 'மரத்திலிருந்து இடது பக்கம்' என்றுதான் தொடங்குகிறது. அந்த மரத்தை வெட்டிவிட்டு வண்டி நிறுத்தும் இடம் கட்ட ஒரு திட்டம் வந்தது. ஜெராக்ஸ் அக்கா மரத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். ஒரு குழு சேர்த்தார். வீடு வீடாகப் போனார். பாதுகாக்கப்பட்ட மரங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டால் யாரும் கோடாரியைத் தூக்க முடியாது. அதற்கு ஒரே நிபந்தனை, மரத்தின் சுற்றளவு ஐந்து மீட்டராவது இருக்க வேண்டும்.

"போன மாசம் அளந்தோம். அஞ்சு மீட்டர் ஏழு சென்டிமீட்டர். ஊருக்கே மிட்டாய் குடுத்தோம். இன்னிக்கு அதிகாரி வர்றாரேன்னு காலையில ஒரு ஒத்திகை பார்த்தோம். நாலு மீட்டர் எண்பத்தஞ்சு" என்றார் அக்கா. "மரம் போச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கடையைத் திறப்பேன் மேடம்?"

காலை 10.00.

முதல் சந்தேகம் அளவு நாடாவின் மேல் விழுந்தது. நாடாவைப் பாதுகாப்பவர் குழுவின் துணைத் தலைவரான டிரில் மாஸ்டர். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் விசிலுக்கு அவர் இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை.

"நாடா யார்கிட்ட இருந்தது?"

"என்கிட்ட."

"எங்க?"

"தலையணைக்குக் கீழ."

"வீட்ல யாராவது தொட்டிருக்கலாமா?"

"என் தலையணைகிட்டயே யாரும் வர மாட்டாங்க மேடம். குறட்டை."

இன்ஸ்பெக்டர் நாடாவை வாங்கி ஏட்டை அளந்தார். வேலைக்குச் சேர்ந்த அன்று பதிவான உயரம் அப்படியே வந்தது. இடுப்பையும் அளக்கப் போனபோது, "அது வழக்குக்குச் சம்பந்தமில்லை மேடம்" என்று ஏட்டு மறுத்துவிட்டார்.

நாடா நிரபராதி.

"மரத்துல எந்த இடத்துல அளந்தீங்க?"

"ரெண்டு தடவையும் நெஞ்சு உயரத்துல. தரையிலேர்ந்து நாலேகால் அடி. விதி அது. அதுக்குன்னே கம்பு வெட்டி வச்சிருக்கேன்." மாஸ்டர் கம்பை நீட்டினார். நாலேகால் அடிதான். கம்பும் நிரபராதி.

காலை 11.15.

மரத்தடி அமர்க்களமாக இருந்தது. அதிகாரி வருகிறார் என்று ஒரு வாரத்துக்கு முன்பே சுற்றிலும் வட்டமாகப் புல்தரை போட்டிருந்தார்கள். ஓரத்தில் ஓடு பதித்து, ஏறுவதற்கு இரண்டு படி. அதில் ஏறும்போது ஏட்டு தடுக்கி, மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"படி பழக்கமில்ல மேடம்" என்று சமாளித்தார்.

இன்ஸ்பெக்டர் மரத்தை ஒரு சுற்று சுற்றினார். பட்டையை யாரும் சீவவில்லை. வெட்டுக் காயம் எதுவும் இல்லை. தெருவில் இருந்த எல்லா மரங்களுக்கும் அடியில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசியிருந்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு முழங்கால்வரை சாக்ஸ் போட்ட மாதிரி. தூங்குமூஞ்சிக்கு மட்டும் சாக்ஸ் கணுக்காலில் இருந்தது.

மரத்தின் மறுபக்கத்தில் சண்டை நடந்துகொண்டிருந்தது. மரத்தடி முடிதிருத்துபவரின் நாற்காலியில் அரை மீசையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"என் மீசை எனக்கே தெரியலன்னா எப்படிங்க?"

"எனக்குத் தெரியுதுல்ல, போதும். தலையை ஆட்டாதீங்க."

கண்ணாடி மரத்தில் அடித்த ஆணியில் தொங்கியது. மரத்தில் ஆணி இருக்கக் கூடாது என்று குழு ஒருமுறை ஆட்சேபித்தது. ஆணிக்குக் குழுவைவிட வயது அதிகம் என்று முடிதிருத்துபவர் பதில் சொன்னார். பழமையைக் காக்கவென்றே உருவான குழுவால் அதற்குமேல் வாதாட முடியவில்லை.

அரை மீசைக்காரர் எழுந்ததும் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்து பார்த்தார். கண்ணாடியில் தோள்பட்டை நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிந்தன. முகம் தெரியவில்லை.

"எத்தனை நாளா இப்படி?"

"ஒரு வாரமா மேடம். வர்றவங்களுக்கெல்லாம் கழுத்துதான் தெரியுது. நாற்காலியும் பழசுதான், ஆணியும் பழசுதான். ஊர்ல எல்லாரும் திடீர்னு வளர்ந்துட்டாங்களோ என்னவோ."

இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து எழவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து நாற்காலியின் கால்களைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"சேவிங் பண்ணட்டுமா மேடம்?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டு, முடிதிருத்துபவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பகல் 12.30.

"இந்தப் புல்தரை யார் போட்டது?"

"என் சித்தப்பா" என்றார் அக்கா பெருமையோடு. "அதோ, அந்த லாட்ஜ் அவரோடதுதான். குழுவுல முதல் ஆளா சேர்ந்தவரு. ஒரு பைசா வாங்காம போட்டுக் குடுத்தாரு."

லாட்ஜ் மரத்துக்கு நேர் பின்னால் இருந்தது. அதன் பெயர்ப் பலகையில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும் தெரிந்தன. நடுவில் இருந்ததையெல்லாம் தூங்குமூஞ்சி தன் கிளைக்குள் வைத்துக்கொண்டிருந்தது.

லாட்ஜ் சித்தப்பா குளிர்ச்சியாக மோர் கொடுத்து வரவேற்றார்.

"போன மாசம் அளந்தப்ப நீங்க இருந்தீங்களா?"

"இல்ல மேடம். வெளியூர்ல இருந்தேன்."

"எப்படி அளப்பாங்கன்னு தெரியுமா?"

"நமக்கெதுக்கு அந்தக் கணக்கெல்லாம்? பச்சப் பசேல்னு இருந்தா மரத்துக்கும் சந்தோஷம்னு நாலு கூடை புல்லைப் போட்டேன். அவ்வளவுதான் நமக்குத் தெரியும்."

"மோர் நல்லா இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். வெளியே வந்ததும் ஏட்டிடம் ஒரே வார்த்தை சொன்னார்: "மண்வெட்டி."

மாலை 4.00.

அதிகாரி வந்தார். ஊரே கூடியிருந்தது. அக்கா பஸ் ஸ்டாப் தூணோடு தூணாக நின்றார். மாஸ்டர் விசிலை வாயில் வைத்திருந்தார், ஊதவில்லை.

"ஐயா, ஒரு நிமிஷம். முதல்ல நான் அளந்து பார்க்கிறேன்" என்ற இன்ஸ்பெக்டர், நாடாவை எடுத்துத் தன் முழங்கால் உயரத்தில் மரத்தைச் சுற்றப் போனார்.

"மேடம், அங்க இல்ல" என்று கூட்டத்திலிருந்து குரல் வந்தது. "தரையிலேர்ந்து நாலேகால் அடியில பிடிக்கணும். விதின்னா விதிதான்."

லாட்ஜ் சித்தப்பா.

இன்ஸ்பெக்டர் நாடாவைச் சுருட்டினார். "மத்தியானம் உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இப்ப கால் அடிகூடத் தெரியுது. மோர்ல ஏதாவது போட்டிருந்தீங்களா?"

யாரோ சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை.

"மரம் இளைக்கல" என்றார் இன்ஸ்பெக்டர். "தரை உசந்திருக்கு. தூங்குமூஞ்சி அடியில பருத்து, மேல போகப் போக ஒடுங்குற மரம். தரையை ஒரு அடி உசத்தினா அளவுக் கம்பும் ஒரு அடி உசரும். மாஸ்டர் சரியாத்தான் அளந்தாரு. ஆனா மரத்தோட நெஞ்சை இல்ல, கழுத்தை."

"புல்லுதானே போட்டாரு?" என்றார் மாஸ்டர்.

"புல்லுக்கு எதுக்கு மாஸ்டர் ரெண்டு படி? போன வாரம் வரைக்கும் இங்க படியே கிடையாது. நம்ம ஏட்டு கால் சொல்லுச்சு, நாமதான் கேக்கல. நாற்காலி தரையோட உசந்தது. ஆணி மரத்துல இருக்கு, அது உசரல. அதான் எல்லாருக்கும் கழுத்து தெரியுது. ஏட்டு, தோண்டுங்க."

ஏட்டு மரத்தை ஒட்டித் தோண்டினார். புல் வந்தது. புல்லுக்குக் கீழே மண், அதற்குக் கீழேயும் மண், இடித்து இறுக்கிய மண். அதற்குள் புதைந்திருந்த வெள்ளைச் சுண்ணாம்பு ஒரு அடி ஆழத்துக்கு இறங்கி, பழைய தரையில் போய் முடிந்தது.

"மரத்தோட சாக்ஸ்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அக்கா திரும்பினார். "சித்தப்பா, நீங்களா?"

சித்தப்பா புல்லைப் பார்த்தார். "போர்டு தெரியலம்மா. பஸ்ஸை விட்டு இறங்குறவன் எல்லாம் எதிர் லாட்ஜுக்குப் போறான். உன்கிட்ட நேரா சொன்னா நீ கேப்பியா?"

"போர்டைத் தள்ளி மாட்டுங்கன்னு சொல்லியிருப்பேன்."

சித்தப்பா திரும்பிப் போர்டைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அந்த யோசனை அவருக்கு வந்ததே இல்லை என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

அதிகாரி மரத்தடியில் குந்தி, சுண்ணாம்பு முடிந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். "அடிமரத்தை மண்ணால மூடினா நாளாவட்டத்துல அழுகிடும். இன்னிக்கே எடுத்துடுங்க. அளவு பழைய தரையிலேர்ந்துதான்." மாஸ்டரின் கம்பைக் குழிக்குள் நிறுத்தி, நாடாவைச் சுற்றினார்.

"அஞ்சு மீட்டர் ஏழு."

மாஸ்டர் விசிலை ஊதினார். நிறுத்துவதற்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

மாலை 6.00.

"எந்த செக்‌ஷன்ல போடுறது மேடம்? இடுப்பளவு திருட்டுக்கு செக்‌ஷன் இல்லையே" என்றார் ஏட்டு.

"புகார் குடுத்தவங்களைக் கேளுங்க."

"காணாமப் போனது கிடைச்சிருச்சுன்னு எழுதிக்கோங்கண்ணே" என்றார் அக்கா. "மீதியை நான் பாத்துக்கிறேன். சித்தப்பா, அந்த மூலையில இன்னும் ரெண்டு கூடை மண்ணு இருக்கு."

சித்தப்பா கடைசிக் கூடையையும் சுமந்து போய்க் கொட்டிவிட்டு வந்தார். வேர்த்து வழிந்தது. பழைய தரையில், பழைய இடத்தில், முடிதிருத்துபவரின் நாற்காலி காலியாக இருந்தது. அதில் தொப்பென்று விழுந்தார்.

முடிதிருத்துபவர் துண்டைப் போர்த்திவிட்டு, கண்ணாடியை ஒரு தடவை துடைத்தார்.

ஒரு வாரத்துக்குப் பிறகு அதில் முதல்முறையாக ஒரு முகம் முழுசாகத் தெரிந்தது.

"ஆளை அடையாளம் தெரியுதாங்க?" என்றார் முடிதிருத்துபவர்.