கோட்டுக்குக் கீழே

2094 சூன் 24, வியாழக்கிழமை. என் மனைவியின் இறுதிச் சடங்குக்கு முப்பத்திரண்டு பேர் பட்டுடுத்தி, பரிசுப் பொட்டலங்களோடு வந்தார்கள். என் குறை இதுதான்.

கடலூர் மேட்டுநகரில் எவரும் செய்தியைத் தேடிப் படிப்பதில்லை. காலையில் சுவர்த்திரை விழிக்கும். ஓடுபக்கம் கீழிருந்து மேலாக நகரத் தொடங்கும். பல் துலக்கும்போதும் இட்டிலி உண்ணும்போதும் அது நகர்ந்துகொண்டே இருக்கும். குடிநீர் வரும் நேரம், திருமண அழைப்பு, இறப்பு, கத்தரிக்காய் விலை, நகைச்சுவைத் துணுக்கு எல்லாம் ஒரே எழுத்தில், ஒரே நிறத்தில், ஒன்றோடொன்று ஒட்டியபடி வரும். நடுவில் கோடு இல்லை, வெற்றிடமும் இல்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, ஓடுபக்கத்தை நடத்தும் பக்க வாரியம் பிரிகோட்டைத் தடை செய்துவிட்டது. கோட்டைக் கண்டால் கண் நிற்கிறது, நின்ற கண் திரையை விட்டு அகன்றுவிடுகிறது என்பது வாரியத்தின் கண்டுபிடிப்பு.

அன்று என் மனைவியின் இறப்புச் செய்திக்கு மேலே யாருடையதோ ஒரு திருமண அழைப்பு ஓடியது. அதன் "அனைவரும் வருக" என்னும் வரியும் எங்கள் வீட்டு முகவரியும் ஒட்டிக்கொண்டன.

பக்கத்துத் தெருச் சிங்காரவேலு கையில் குக்கர்ப் பெட்டியோடு வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்ன வாத்தியாரே, மேளத்தையே காணோம்?"

"என் வீட்டுக்காரி காலமாயிட்டா, சிங்காரவேலு."

"அடடா." பெட்டியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டார். "அப்ப கல்யாண வீடு எது?"

அவர் கெட்டவர் அல்லர். ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. முப்பத்திரண்டு முகங்களிலும் மாறவில்லை. ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குவதைக் கண்டே அறியாத முகங்கள் அவை.

மறுவாரம் பக்க வாரியத்துக்குச் சென்றேன். வடிவமைப்புப் பிரிவில் தாட்சாயணி என்னும் அலுவலர் இருந்தார்.

"பதினாறாம் நாள் அறிவிப்புக்காவது மேல ஒரு கோடு, கீழ ஒரு கோடு வேணும்மா. அவ பேரு வேற எதோடயும் ஒட்டக் கூடாது."

"சார், நான் கோடுன்னு ஒண்ண பயிற்சியிலதான் பாத்திருக்கேன். அதுவும் தப்புக்கு உதாரணமா."

"இது தப்பில்லைம்மா."

அவர் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "எங்கப்பா செத்த சேதி பல்பொடி விளம்பரத்தோட சேந்து வந்துச்சு சார். இன்னிக்கும் கடையில அந்தப் பல்பொடியப் பாத்தா அழுகை வந்துடுது. கடைக்காரன் ஒரு மாதிரி பாக்கறான்." விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். "மேல மட்டும் ஒண்ணு போடறேன். கீழ கேக்காதீங்க. மாட்டினா வேலை போயிடும்."

சூலை 9ஆம் நாள் காலையில் அந்தக் கோடு வந்தது. மெல்லிய கறுப்புக் கோடு, திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. அதன்கீழ் அவள் பெயர் தனித்து நின்றது. நான் எழுந்து நின்று படித்தேன்.

நாற்பது பேருக்குச் சமைக்கச் சொல்லியிருந்தேன். ஒருவரும் வரவில்லை. மாலை மூன்று மணிக்குச் சமையற்காரர், "சாம்பாரை என்னங்க பண்றது?" என்று கேட்டார். நான் சிங்காரவேலுவின் வீட்டுக்கு நடந்தேன். அவர் வீட்டுச் சுவர்த்திரை இருண்டிருந்தது. அவர் முற்றத்தில் மிதிவண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க வாத்தியாரே. அதிசயத்தப் பாத்தீங்களா? பக்கம் முடிஞ்சிபோச்சு."

"யார் சொன்னது?"

"கோடு வந்துச்சே. சரி, அவ்வளவுதான்னு அணைச்சிட்டோம். தெருவே அணைச்சிடுச்சு."

"அதுக்குக் கீழ என் மனைவியோட கருமாதி அறிவிப்பு இருந்துச்சு."

அவர் துணியைக் கீழே வைத்தார். இம்முறை அவர் முகம் மாறியது. "கோட்டுக்குக் கீழயும் இருக்குமா வாத்தியாரே?"

மறுநாள் வாரியம் எனக்கு ஓர் அறிக்கை அனுப்பியது: கோட்டைக் கடந்து படித்தவர் இருவர். ஒருவன் நான். மற்றவர் தாட்சாயணி, அவரை அன்றே வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். கோடில்லாமல் என் மனைவியைக் கல்யாணத்தோடு கலந்தார்கள். நான் கேட்டு வாங்கிய கோடோ அவளை ஊரின் கண்ணிலிருந்தே மறைத்துவிட்டது. கோட்டைப் பறித்தது வாரியம். கோட்டுக்கு அப்பாலும் ஏதோ ஒன்று உண்டு என்பதை மறந்தவர்கள் நாம். அறுபதாண்டுகளாக ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. நானும் என் வீட்டில் சாவு விழும்வரை கேட்கவில்லை.

ஆகவே இதைத் தாளில் அச்சிட்டு வீடு வீடாகப் போடுகிறேன். இதன் கீழே என் கையால் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். அது முடிவன்று. அங்கே நில்லுங்கள், முகத்தில் இருப்பதை மாற்றிக்கொள்ளுங்கள், பிறகு கீழே வாருங்கள்.

――――――――――

பூங்காவனம். கடல்நீர் உப்பகற்றி நிலையத்தில் நீங்கள் குடித்த தண்ணீரை முப்பத்தோராண்டு சோதித்தவள். இறந்துவிட்டாள். அவள் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.