ஆம்ப்ரோஸ் டிட்டின் அளவுச்சீட்டு

அளவுச்சீட்டுப் பெட்டியில் ஒரு சீட்டு அதிகமாக இருந்தது.

கம்பெனியில் நடிகர்கள் பன்னிரண்டு பேர். ஜூன் மாதம் அவர்கள் வந்திறங்கிய அன்றே கழுத்து, தோள், கை, இடுப்பு, பாதம் என்று இஞ்சு டேப்பால் அளந்து ஆளுக்கொரு சீட்டு எழுதியவள் வெர்னா. பத்து வருஷமாக உடுப்பறையில் அவள் வைத்ததுதான் சட்டம்; அவளுக்குத் தெரியாமல் அங்கிருந்து ஒரு பட்டன்கூட வெளியே போகாது. அப்படியிருக்க இந்தப் பதின்மூன்றாவது சீட்டு எங்கிருந்து முளைத்தது?

மேலே எழுதியிருந்த பெயரைப் படித்ததும் அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. ஆம்ப்ரோஸ் டிட்.

அப்படி ஒரு ஆளே கிடையாது. அமெரிக்காவில் மெய்ன் கடற்கரையில் மத்தி மீனை டின்னில் அடைத்துக்கொண்டிருந்த ஆலை 1934இல் கோடை நாடகக் கொட்டகையாக மாறியது. வாரத்துக்கு ஒரு நாடகம் போடுகிற கம்பெனிக்கு ஆள் எப்போதும் பற்றாது. ஒருவனே இரண்டு வேஷம் கட்டினால், இரண்டாவது வேஷத்துக்கு நோட்டீஸில் ‘ஆம்ப்ரோஸ் டிட்’ என்று அச்சடித்துவிடுவார்கள். டிக்கெட் வாங்கிய, கோடையைக் கழிக்க வந்த வெளியூர்க்காரர்களுக்கு ஆள் பஞ்சம் தெரியக்கூடாதே! நாடக முடிவில் எல்லாரும் வரிசையாக வந்து சொல்லும் கடைசி வணக்கத்துக்கு மட்டும் டிட் வரமாட்டார். எப்படி வருவார்? அவராக நடித்தவன்தான் தன் முதல் வேஷத்தில் அங்கே குனிந்துகொண்டிருக்கிறானே.

இந்த வாரம் டிட்டாக நடிப்பது அவள் கணவன் ட்வைட். முதல் அங்கத்தில் கொலையாகிற மாமா. மூன்றாம் அங்கத்தில் கடிதம் கொண்டுவரும் தபால்காரன். குறும்பு யாருடையது என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. புதன்கிழமை மதிய ஆட்டத்துக்கு மாமா வேஷத்தில் அவன் படியேறி வந்ததும் சீட்டை மூக்குக்கு நேராக நீட்டினாள்.

“இது என்ன கூத்து?”

“டிட்டுக்கு அளவா? நான் எழுதல, வெர்னா. அந்தாளுக்குக் குரல் குடுக்கறதே பெரிய தருமம்.”

“மூஞ்சியப் பாரு. ஒண்ணும் தெரியாத பாப்பா.”

“நம்ம மேனேஜர் ஹாலிஸா இருக்கும். இருபத்தஞ்சாவது சீசன்னு உன்ன கொட்டகையோட சரித்திரம் எழுதச் சொன்னாருல்ல? நடுவுல இப்படி ஒரு தமாஷ்.” அவன் கண்ணாடியில் மீசையைச் சரிசெய்தான். “காலையில போட்ட சண்ட இன்னும் ஆறலையா?”

“நியூயார்க்லேருந்து ஒருத்தன் கூப்பிட்டா நீ சொல்லாமக்கூட ஓடிருவ. அதத்தான் சொன்னேன்.”

“சீசன் முடிஞ்சதும் நேரா பேங்கர் ஊருக்குத்தான். உங்கண்ணன் கடையில நாள் பூரா ஆணி விக்கப்போறேன். போதுமா?” அவள் தாடையைக் கிள்ளினான். “தபால்காரன் தொப்பி கண்ணு வரைக்கும் இறங்குது. மூணாம் அங்கத்துக்கு முன்னாடி என் தலைய அளந்து, உள்ள துணி வெச்சுக் குடு.”

“இப்பவே அளக்கறேன், நில்லு.”

கீழே மணி அடித்தது. அவன் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினான். அவனை நம்பலாமா வேண்டாமா என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

வெளியே காலையிலிருந்தே மூடுபனி. ஜன்னலுக்கு அந்தப்புறம் கடல் இருந்தது என்பதற்கு அடையாளம், கலங்கரை விளக்கத்திலிருந்து நிமிஷத்துக்கு ஒருமுறை நீளமாக ஊதிய பனிச்சங்கு மட்டுமே. பனி இறங்கிய நாட்களில் பலகைச் சுவர்கள் ஈரத்தில் வீங்கி, இருபத்தைந்து வருஷத்து வார்னிஷையும் பவுடரையும் மீறிக்கொண்டு பழைய மீனெண்ணெய் வாடை மெதுவாகக் கசிந்து வரும். இன்று அது கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. வெர்னா விளக்கைப் போட்டுக்கொண்டு கையெழுத்தை ஆராய உட்கார்ந்தாள். குறும்புக்காரன் மாட்டாமலா போவான்?

வருஷத்துக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் ஒரே ஒரு கட்டம்தான் நிரம்பியிருந்தது. 1937இல் பாதம். 1940இல் இடுப்பு. 1946இல் தோள். அந்த நீல மை, இவளுக்கு முன்னால் உடுப்பறையைப் பார்த்துக்கொண்ட ஓர்ஃபாவுடையது. அவள் செத்துப் பத்து வருஷமாகிறது. செத்தவள் கையெழுத்தை இத்தனை அச்சாக யார் போட முடியும்?

1949க்குப் பிறகு பென்சில். ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு. கம்பெனியில் ஏழு என்ற எண்ணை அப்படி எழுதுகிறவள் வெர்னா ஒருத்திதான்.

அவள் எழுதவில்லை. எழுதியதாக ஞாபகமே இல்லை.

1951: கையுறை எட்டரை, இடது சுண்டுவிரல் நுனி இல்லை.

அந்த வருஷம் நடித்த க்ளெமென்ட் ரஸ்க். அவனுக்காக அந்த ஒரு விரலை மட்டும் குட்டையாக வெட்டித் தைத்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அந்த ஆகஸ்டில் ஒருநாள் க்ளெமென்ட் காணாமல் போனான். கட்டிலுக்கடியில் அவன் ஷூக்கள்கூட அப்படியே கிடந்தன. ‘நியூயார்க்ல நல்ல வேஷம் கெடச்சிருக்கும், ஓடிட்டான்’ என்றார்கள். அவளும்தான் சொன்னாள். கோடைக் கம்பெனியில் நடு சீசனில் ஓடிப்போகிறவனை யாரும் தேடுவதில்லை, பொறாமைதான் படுவார்கள்.

சரித்திரத்துக்காகக் கொண்டுவந்திருந்த பழைய நோட்டீஸ்களை அவள் புரட்டினாள்; டிட் பெயருக்குப் பக்கத்தில் நிஜமாக நடித்தவன் பெயர் பேனாவால் குறித்திருந்தது. க்ளெமென்ட் போன வாரம் இரட்டை வேஷம் கட்டியது க்ளெமென்ட். 1937இல் நடு சீசனோடு நோட்டீஸில் பெயர் நின்றுபோனவனும் தன் கடைசி வாரத்தில் இரட்டை வேஷம். அவனுடைய பழைய சீட்டைத் தேடியெடுத்தாள். பாதம் பத்தரை. டிட்டின் பாதமும் பத்தரை. 1940, அதேதான். 1946, அதேதான்.

உடம்பின் அளவுகளில் எந்த வரியிலும் நிரம்பாமல் பாக்கியிருந்தது ஒன்றே ஒன்று.

தலை.

கீழே கைதட்டல். இரண்டாம் அங்கம் எப்போதோ முடிந்து, மூன்றாவதே தொடங்கிவிட்டது. அவள் சீட்டை ஏப்ரன் பையில் திணித்துக்கொண்டு எழுந்தாள். ட்வைட்டை மேடையேற விடக்கூடாது. நாடகம் நின்றால் நிற்கட்டும். ஹாலிஸ் குதித்தால் குதிக்கட்டும்.

படிக்கட்டு ஈரமாக இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். நடுவழியில் விளக்கு மங்கியது. சங்கு ஊதியது. மீன் வாடை தொண்டையில் ஒட்டியது.

பக்கப் படுதாவுக்குப் பின்னால், உடை மாற்றும் தட்டிக்குள் யாரும் இல்லை. ஸ்டூல்மேல் மாமாவின் கோட்டு. அழகாக மடித்து வைத்திருந்தது. பதினோரு வருஷக் கல்யாணத்தில் ட்வைட் எதையுமே மடித்ததில்லை.

மேடையில் தபால்காரன் பேசிக்கொண்டிருந்தான். ட்வைட்டின் குரல். ட்வைட்டின் இழுவை. அப்பாடா என்று அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தொப்பியைப் பார்க்கும்வரை.

தொப்பி கண்வரை இறங்கவில்லை. கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

நாடகம் முடிந்தது. படுதா விழுந்து மறுபடி எழுந்தது. பதினோரு பேர் வரிசையாக வணங்கினார்கள். பன்னிரண்டாவதாகத் தபால்காரன் வந்து, கையை மார்பில் வைத்து, மெதுவாக, ரொம்ப நாள் காத்திருந்தவர்போலக் குனிந்தார்.

பக்கத்தில் ஹாலிஸ் கைதட்டினார். “பாருங்க, டிட் இன்னிக்கு வணக்கமே சொல்றாரு! ட்வைட் எங்கம்மா?”

“அதோ... அது...”

“கெளம்பிட்டானா? நியூயார்க்கா? விடும்மா. ஆகஸ்டு வந்தா எவனாவது ஒருத்தன் இப்படித்தான்.” அவர் தமாஷ் பண்ணவில்லை. நிஜமாகவே அவளுக்காக வருத்தப்பட்டார். அவள் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு டிக்கெட் ஜன்னலுக்குப் போய்விட்டார்.

மேடை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. தபால்காரன் அவளை நோக்கி வந்தார். ஷூக்கள் ஈரமாக ஒலித்தன. கிட்டே. இன்னும் கிட்டே.

தொப்பியைக் கழற்றினார். அவள் கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்பை எடுத்து அவள் கையில் கொடுத்தார். கொடுத்தது இடது கை. சுண்டுவிரலுக்கு நுனி இல்லை.

“தலைய அளக்கணும்னு சொன்னேனே, வெர்னா.”

தலை தாழ்ந்தது. அவள் கைகள் தாமாகவே டேப்பைச் சுற்றின. பென்சில் எப்போது விரலுக்குள் வந்தது? இருபத்திரண்டேமுக்கால். கடைசிக் கட்டத்தில் அவள் கையெழுத்து விழுந்தது.

அவர் நிமிர்ந்தார். ட்வைட்டின் முகம் வாய் நிறையச் சிரித்தது. ட்வைட்டின் கண்கள் மட்டும் அந்தச் சிரிப்போடு சேராமல், அவளையே பார்த்து அழுதுகொண்டிருந்தன.