நைனாவைச் சுட்டது யார்?

செஞ்சி ஸ்டேஷனில் போன் அலறியது!

"மேடம்! எங்க நைனாவைச் சுட்டுட்டான் மேடம்!"

எஸ்.ஐ. ஸ்டெல்லாவுக்குக் குரல் தெரிந்தது. கோட்டை வாசலில் வடைக் கடை போடும் பெரியதம்பி.

"உங்க நைனா போன வருஷமே போய்ட்டாரே?"

"மறுபடியும் மேடம்!"

ஜீப் பறந்தது.

பெரியதம்பி வீட்டு முற்றத்தில் அமாவாசைப் படையல். வாழை இலை. அதன் பக்கத்தில் பிணம்...

கறுப்பாக. இரண்டு சிறகுகளோடு!

"படையல் எடுக்க வந்தாரு மேடம்... தகரக் கூரையில 'டமார்'னு சத்தம். உருண்டு வந்து விழுந்துட்டாரு! எதிர்வீட்டு தனகோட்டிதான்! அவங்கிட்ட துப்பாக்கி இருக்குது!"

இருந்தது. ஏட்டு ரங்கநாதன் அதையும் தனகோட்டியையும் சேர்த்தே இழுத்து வந்தார்.

தனகோட்டிக்கு வியர்த்தது. தப்பிக்காவிட்டால் ராத்திரிச் சாப்பாடு லாக்கப்பில்!

"இது ராஜா தேசிங்கு துப்பாக்கி மேடம். டூரிஸ்ட்டுங்களுக்குக் காட்ட வெச்சிருக்கேன். முந்நூறு வருஷமா சுட்டதே இல்ல!"

ஸ்டெல்லா குழாய் மேல் லென்ஸை வைத்தாள்.

"லண்டன் முத்திரை. புகையில்லாத வெடிமருந்துக்குன்னு குத்தினது. இந்த முத்திரை வந்ததே 1904ல. தேசிங்கு செத்தது 1714ல. செத்தப்புறம் ஆர்டர் குடுத்தாரா?"

ரங்கநாதனும் குழாய் மேல் குனிந்தார்.

"இங்க 'ரூக்'னு போட்டிருக்குது மேடம்" என்றார் ரங்கநாதன். "செஸ்ஸுல ரூக்னா யானை. எம் பொண்ணு ஆடுவா. இது யானை சுடற துப்பாக்கி!"

தனகோட்டி துள்ளினான்.

"அப்படிப் போடுங்க ஏட்டய்யா! யானைத் துப்பாக்கில சுட்டா காக்கா மிச்சம் இருக்குமா? எறகுகூட அவலூர்பேட்டையிலதான் கெடைக்கும்!"

"ரூக்னா சீமைக் காக்காய்யா! காக்கா, முயல் சுடறதுக்குன்னே வெள்ளைக்காரன் செஞ்ச துப்பாக்கி இது" என்றாள் ஸ்டெல்லா.

தனகோட்டி தரையில் உட்கார்ந்துவிட்டான்!

"மாட்னான்!" பெரியதம்பி குதித்தான்.

ஸ்டெல்லா குழாய்க்குள் ஈர்க்குச்சியை விட்டாள். நுழையவில்லை. டார்ச் அடித்தாள்.

"உள்ள முழுக்கக் குளவிக்கூடு. காய்ஞ்சு கல்லாயிருக்குது. தோட்டா இல்ல, காத்துகூட வராது!"

"அப்ப நைனா...?"

ஸ்டெல்லா காக்காயைப் புரட்டினாள். காயமே இல்லை. அலகைப் பிளந்தாள்... தொண்டையில் ஏதோ அடைத்திருந்தது. இழுத்துப் போட்டாள்.

'டங்!'

வடைத் துண்டு!

"நீ கேட்ட 'டமார்' இதுதான். இதோட சேர்ந்து நைனா கூரையில விழுந்த சத்தம்... படையலுக்கு வடை சுட்டது யாரு?"

"நா... நாந்தான்."

"போன வருஷம் உங்க நைனா எப்படிச் செத்தாரு?"

பெரியதம்பி வடைத் துண்டைப் பார்த்தான்.

"சாப்டறப்ப... விக்கி..."

ஸ்டெல்லா தொப்பியை மாட்டினாள்.

"துப்பாக்கியைக் குடுத்துட்டு வாணலியைத் தூக்குங்க ஏட்டு. சுட்டவன் கெடைச்சுட்டான்!"