ஆட்டியபோது கேட்ட சத்தம்

செவ்வாய், காலை 7.05. லெம்பாங் மலைமேல் உள்ள ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் சூர்யானா, குழாயிலிருந்து ஒரு துளியை எடுத்துத் தண்ணீரில் விட்டார். பால்போல் திரிய வேண்டிய துளி, தண்ணீரோடு தண்ணீராகப் போய்விட்டது. இன்னொரு துளியும் அப்படியே.

போனது நான்கே மில்லி. கடற்பஞ்சிலிருந்து மூன்று வருஷம் பிழிந்தெடுத்த மருந்துச் சத்து. தண்ணீரில் கரையாத பண்டம் என்பதால் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்து, வெளிச்சம் படாமல் வெள்ளித்தாள் சுற்றி, குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். குழாயும் தாளும் இருந்தன. உள்ளே வெறும் தண்ணீர்.

7.20. ஒன்பது பேர் முன்னால், உதவியாளர் லிலிஸைத் திருடி என்றார் பேராசிரியர். ஒன்பது மணிக்குப் போலீஸ் வரும்.

லிலிஸ் நேராகச் சேமிப்பறைக்குப் போனாள். அங்கே பொறுப்பாளர் இமாஸ், டி.எம்.எஸ்.ஓ. ஜாடியை வெந்நீர் வாளியில் இறக்கிக்கொண்டிருந்தாள். ஜூலைக் குளிர், சுவர் வெப்பமானியில் பதினைந்து டிகிரி. பண்டுங்கில் துணிக்கடைக் கல்லாவுக்குப் பின்னால் வளர்ந்தவள் இமாஸ். எவன் விலை மட்டும் கேட்பான், எவன் வாங்குவான் என்று செருப்பைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

"அழுகைய அப்புறம் வெச்சுக்கலாம். எத்தனை மணிக்கு வந்தே?"

"6.50க்கு அக்கா. குழாய எடுத்து வெதுவெதுப்புத் தொட்டியில வெச்சேன். தினமும் பண்றதுதான். ஐயா வர்றப்போ தயாரா இருக்கணும்."

"தாளப் பிரிச்சியா?"

"இல்லக்கா. வெளிச்சம் பட்டா ஐயா கடிச்சுத் துப்பிடுவாரு."

"ஆட்டிப் பாத்தியா?"

"எதுக்கு ஆட்டணும்?"

இமாஸ் கையைத் துடைத்துக்கொண்டாள்.

8.05. இமாஸைப் பார்த்ததும் வாயில் காவலர் உஜாங் கிராம்புச் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"லிலிஸுக்கு முன்னாடி யாரு உள்ள போனாங்க?"

"நம்ம வர்தோயோ ஐயாதான். 6.40க்கு."

வர்தோயோ, சுரபாயா மருந்துக் கம்பெனி ஒன்றின் முகவர். சத்தை விலைக்குக் கேட்டு வந்து பத்து நாளாகிறது, விலை படியவில்லை.

"தனியாவா?"

"நான் விடுவேனா? கூடவே போனேன். முதலாளி போன்ல கேக்குறாராம், சரக்கு பத்திரமா இருக்கான்னு. குழாய எடுத்து என் காதுகிட்ட ஆட்டிக் காட்டினாரு. கலக் கலக்னுச்சு. 'பாத்துக்கப்பா, அளவு குறையல'ன்னு திரும்பப் பெட்டியில வெச்சாரு. அப்புறம் ரெண்டு பேரும் வாசல்ல தோஃபு சாப்பிட்டோம். காசுகூட அவருதான் குடுத்தாரு."

"பார்க்கிங் டிக்கெட்டுக்குப் பேரம் பேசுற ஆளு, உனக்குத் தோஃபு வாங்கிக் குடுத்தாரா?"

உஜாங் தலையைச் சொறிந்தார். "நல்ல மனுஷன்."

"நேத்து சாயந்திரத் தொழுகைக்கு எல்லாரும் போனீங்களே. அவரு வந்தாரா?"

"இல்ல. பயணத்துல இருக்கறவங்க ரெண்டு வேளையச் சேத்துத் தொழலாமாம், மத்தியானமே முடிச்சுட்டேன்னாரு."

"பத்து நாளா ஒரே விடுதியில படுத்திருக்கற பயணி," என்றாள் இமாஸ்.

8.50. கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். வர்தோயோ நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"ஐயா," என்றாள் இமாஸ் பேராசிரியரிடம், "6.40க்கு மருந்து இருந்துச்சு, அதுக்கப்புறம் வந்தது லிலிஸ் மட்டும்தான். அதானே உங்க கணக்கு?"

"காவலரே சாட்சி."

"அவரு கண்ணால பாக்கல, காதால கேட்டாரு. நாலு டிகிரிப் பெட்டியில ராத்திரி முழுக்கக் கெடந்த குழாய். அது எப்படிக் கலக்குனு சத்தம் போடும்?"

பேராசிரியருக்குத் தெரிந்த விஷயம்தான். பதினெட்டு டிகிரிக்குக் கீழே போனால் டி.எம்.எஸ்.ஓ. கல்லாகிவிடும். ஆனால் லிலிஸ் தினமும் இளக்கி வைத்த குழாயையே வாங்கி வாங்கி, அவருக்கே அது மறந்துபோயிருந்தது.

"லிலிஸ் வர்றதுக்கு முன்னாடியே உள்ள இருந்தது தண்ணி. நேத்து தொழுகை நேரத்துல குழாய் மாறியிருக்கு. மாத்தினவருக்கு ஒரு சாட்சி வேணும். அதுக்குத்தான் அந்தத் தோஃபு."

வர்தோயோ சிரித்தார். "சாமான் எடுத்துக் குடுக்கற அம்மாவுக்கு ரசாயனம் எல்லாம் தெரியுமா?"

"ரசாயனம் தெரியாதுங்க. எங்கிட்ட இருக்கற சரக்கோட குணம் தெரியும். நீங்க அத இளகினபடியே பாத்திருக்கீங்க. இங்க இருக்கறவங்க யாரும் ஆட்டிக் காட்டியிருக்க மாட்டாங்க."

வர்தோயோ குரலைத் தாழ்த்தினார். "பேராசிரியரே, முன்னாடி சொன்ன விலைக்கு மேல பாதி போட்டுக் குடுக்கறேன். போலீஸ் வேண்டாம்."

"விலைய ஏத்திட்டாரு," என்றாள் இமாஸ். "வண்டியத் திறந்து பாருங்க."

9.10. வண்டியின் பின்னிருக்கையில் பனிக்கட்டிப் பெட்டி. அதற்குள் வெள்ளித்தாள் சுற்றிய குழாய். உஜாங் அதைக் காதோரம் வைத்து ஆட்டினார். சத்தமே இல்லை. போலீஸ் வர்தோயோவை ஏற்றிக்கொண்டது.

பேராசிரியர் லிலிஸைத் தனியே அழைத்து, தன் அறைக் கதவைச் சாத்தினார். "தப்பா நினைச்சுட்டேம்மா. மனசுல வெச்சுக்காத."

லிலிஸ் எழுந்து அந்தக் கதவை அகலத் திறந்துவிட்டாள்.

"என்னைத் திருடின்னு சொன்னப்போ ஒன்பது பேர் இருந்தாங்க ஐயா. அந்த ஒன்பது பேரையும் கூப்பிடறேன். அவங்க முன்னாடி சொல்லுங்க."

பேராசிரியர் எழுந்து, அவளுக்குப் பின்னால் கூடத்துக்கு நடந்தார்.