மேசைக்கடியில் பெடல்

“அப்ப நான் பொய் சொல்றேங்கிறியா?” என்று அக்கா கேட்டது மாடிப்படி இறங்கி, கீழ்வீட்டு வாசலைத் தாண்டி, தெருவுக்கே வந்து சேர்ந்தது.

“பொய்யின்னு சொல்லலக்கா. என் மெஷின்ல தப்பு இல்லைங்கிறேன்.” தம்பியின் குரலும் சளைத்ததாக இல்லை.

விஷயம் இவ்வளவுதான். மதியம் சாப்பிடப் போகும்போது அக்கா கம்ப்யூட்டரை ஸ்லீப்பில் போட்டுவிட்டுப் போனாளாம். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தால் திரை விழித்திருந்ததாம். விழித்ததோடு நிற்காமல், அவள் பாதியில் நிறுத்திய டாக்டரின் குரல், மேசைமேல் கழற்றி வைத்த ஹெட்ஃபோனுக்குள், பல்லிடுக்கில் பேசுவதுபோல் சன்னமாகப் பேசிக்கொண்டிருந்ததாம். மூன்று நாளாக இப்படியாம்.

அவளுடைய வேலையைக் கொஞ்சம் சொன்னால்தான் இது விளங்கும். ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அவள் வீட்டிலிருந்தபடியே ஸ்கேன் அறிக்கைகளைத் தட்டச்சு செய்து கொடுக்கிறாள். டாக்டர்கள் படத்தைப் பார்த்து வாயால் சொல்லி அனுப்புவார்கள். அவள் கேட்டுக் கேட்டு அடிக்க வேண்டும். இரண்டு கையும் கீபோர்டில் இருப்பதால், குரலை ஓட்டுவதும் நிறுத்துவதும் காலின் வேலை. அதற்கென்று மேசைக்கடியில் ஒரு கறுப்புப் பெடல், தையல் மெஷினுக்கு இருப்பது போல. வலது பாதியை மிதித்தால் குரல் ஓடும், இடது பாதியை மிதித்தால் பின்னால் போகும், காலை எடுத்தால் நின்றுவிடும். நான்கு வருடமாக மிதிக்கிறாள். இடது பாதியை அவள் தொடுவதே அபூர்வம். ஒருமுறை கேட்டால் போதும் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கம்ப்யூட்டரோ தம்பி தன் கையால் செய்தது. ஒவ்வொரு பாகமாக வரவழைத்து, நான்கு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பேப்பர் விரித்து, உடம்பிலிருக்கும் மின்சாரம் பாகங்களில் பாயாமலிருக்க மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் யாரையும் தும்மக்கூட விடாமல் கோத்தான். ஒரு பக்கம் கண்ணாடி. உள்ளே நீல விளக்குகள். முடித்த அன்று தெருவில் பாதிப்பேரைக் கூப்பிட்டுக் காட்டினான். நாங்களும் பிள்ளை பார்க்கப் போனதுபோல் போய்ப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தோம். அதில் குறை சொன்னால் பெற்ற குழந்தைக்கு மாறுகண் என்று சொன்ன மாதிரி அவன் முகம் போய்விடும்.

இன்னொன்றும் இருந்தது. மூன்று வாரத்தில் அவனுக்குக் கல்யாணம். பெண்ணுக்கு வேலை வேறு ஊரில். கல்யாணம் முடிந்த கையோடு அவனும் அங்கே போகிறான். கம்ப்யூட்டர் அக்காவுக்கு, அவன் கொடுத்துவிட்டுப் போகும் பரிசு. அக்கா வாழப் போன வீட்டிலிருந்து பதினொரு மாதத்தில் பெட்டியோடு திரும்பி வந்தவள். அன்றிலிருந்து அக்காவும் தம்பியுமாக ஒரே வீட்டில் காலம் ஓடிவிட்டது. இப்போது அவன் கிளம்பும் நேரத்தில் அவளுக்குக் கம்ப்யூட்டரில் கோளாறு தெரிகிறது என்றால், கூட்டிக் கழித்துப் பார்க்கத் தெரியாதவர்கள் எங்கள் தெருவில் யாருமில்லை.

அவனும் கூட்டிக் கழித்துத்தான் அந்த வார்த்தையைச் சொன்னான். “மூணு வாரத்துல கல்யாணம். இப்பதான் கம்ப்யூட்டருக்குப் பேய் பிடிக்கணுமா?”

அதோடு சண்டை நின்றுவிட்டது. அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அவன் போவதற்குள் ஒரே ஒரு மதியம் அந்த அறையில் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் அவளைத் தனியாக அதோடு விட்டுப் போகமாட்டான்.

குறை சொல்லக்கூடாது, அன்று சாயங்காலமே அவன் உட்கார்ந்து பார்த்தான். எது தன்னை எழுப்பியது என்று கம்ப்யூட்டரே குறித்து வைத்துக்கொள்ளுமாம். ஏதோ தட்டினான், திரையில் பதில் வந்தது. எழுப்பியது பெடல். மதியம் இரண்டு நாற்பதுக்கு.

எழுந்திருக்கும்போது உன் கால் பட்டிருக்கும் என்றான். அந்த நேரத்தில் சமையலறையில் இருந்தேன் என்றாள். அப்படியானால் எலி என்றான்.

எலி என்றால் புழுக்கை இருக்க வேண்டும். அவன் தூங்கப் போனதும் அவள் டார்ச்சோடு மேசைக்கடியில் குனிந்தாள். சூடான பிளாஸ்டிக் வாடை, ஒட்டடை, சுவரோரம் சுருண்டு கிடந்த ஒயர்கள். புழுக்கை எதுவும் இல்லை. பெடலின் வலது பாதி அவள் பாதம் பட்டுப் பட்டு வழவழப்பாகியிருந்தது. நான்கு வருடத் தூசி படிந்திருக்க வேண்டிய இடது பாதியும் துடைத்துவிட்டாற்போல் சுத்தமாக இருந்தது.

மறுநாளிலிருந்து வைத்தியம் தொடங்கியது. கம்ப்யூட்டரை எழுப்பும் அனுமதியைப் பெடலிடமிருந்து பிடுங்கினான். சரியாயிடுச்சு என்றான். மதியம் இரண்டு நாற்பதுக்கு அது விழித்தது. பெடலின் ஒயரை வேறு துளையில் செருகினான். விழித்தது. ஒயரையே மாற்றினான். யு.எஸ்.பி. துளைகளுக்கு மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் ஏற்பாட்டை அணைத்தான். ஒவ்வொரு சாயங்காலமும் சரியாயிடுச்சு. ஒவ்வொரு மதியமும் இரண்டு நாற்பது.

அந்த நேரத்தில் எங்கள் தெரு எப்படி இருக்கும் என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். வேலைக்குப் போனவர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள், பள்ளிக்கூடம் விட்டிருக்காது, வெயில் சன்னல் கம்பியின் நிழலைத் தரையில் நீளமாகப் போட்டுவிட்டு அசையாமல் நிற்கும், எங்கோ ஒரு தண்ணீர்த்தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்கும், அது நின்றதும் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தோம் என்பதே அப்போதுதான் உறைக்கும். அந்த நிசப்தத்தில் சமையலறையில் நின்று கை கழுவிக்கொண்டிருந்த அக்காவுக்கு உள்ளறையிலிருந்து இரண்டு ஸ்வரம் கேட்டது. மேலிருந்து கீழே. கம்ப்யூட்டரிலிருந்து எதையாவது பிடுங்கினால் வரும் சத்தம். கொஞ்சம் பொறுத்துக் கீழிருந்து மேலே இரண்டு ஸ்வரம். செருகினால் வருவது.

வீட்டில் அவளைத் தவிர யாருமில்லை.

தம்பியிடம் சொன்னாள். லூஸ் கான்டாக்ட் என்றான். ஒருநாள் லீவு போட்டு உட்காரச் சொன்னாள். கல்யாணத்துக்கு வைத்திருக்கும் லீவை இதற்கா போடுவது என்று அவன் சிரித்தான். சிரிப்பில் கோபமில்லை, அவளுக்கு அதுதான் இன்னும் மோசமாகப் பட்டது.

அவள் எண்ணத் தொடங்கினாள். இறங்கினால் வெளியே. ஏறினால் உள்ளே. வெளியே, உள்ளே. வெளியே, உள்ளே. கணக்கு சரியாக இருந்தவரை அவளால் சோறு சாப்பிட முடிந்தது.

வியாழக்கிழமை ஏறும் ஸ்வரம் மட்டும் கேட்டது. அதற்கு முன்னால் எதுவும் இறங்கவில்லை. பெடல், கீபோர்டு, மவுஸ் எல்லாம் செருகியபடியே இருக்க, அவற்றோடு கூடுதலாக ஏதோ ஒன்று வந்து சேர்ந்திருந்தது. அவள் ஈரக்கையோடு குழாயடியில் நின்றாள். இறங்கும் ஸ்வரத்துக்காகக் காத்திருந்தாள். விரல் நுனியிலிருந்து நீர் சொட்டி நின்றது. கை காய்ந்தது. கம்பி நிழல் தரையிலிருந்து சுவரில் ஏறி மங்கியது. ஆறு மணிக்குத் தம்பி கதவைத் தட்டும்வரை அது கேட்கவில்லை.

வந்தது போகவில்லை.

சனிக்கிழமை அவன் தன் நண்பனை அழைத்து வந்தான். கடைத்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். எந்தக் கோளாறைக் கொண்டுபோனாலும் மதர்போர்டு போயிடுச்சு என்பான் என்பதால் தெரு முழுக்க அவனுக்கு மதர்போர்டு என்றே பெயர். மதர்போர்டு உட்கார்ந்து, இணைந்திருக்கும் சாமான்களின் பட்டியலைத் திறந்தான். கீபோர்டு, மவுஸ், ஹெட்ஃபோன், பெடல். அதற்குக் கீழே இன்னொரு பெடல்.

அக்கா அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

பழைய பதிவு அழியாமல் நிற்கிறது என்று சொல்லி மதர்போர்டு இரண்டாவதை நீக்கினான். திரும்பி வந்தது. மறுபடி நீக்கினான். வந்தது. தலையைச் சொறிந்துகொண்டு, வழக்கமான தீர்ப்பைச் சொன்னான். தம்பிக்குச் சுருக்கென்றது. அவன் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பாகம் அது. நண்பனின் காதில் ஏதோ சொன்னான். அவன் தலையாட்டிவிட்டு எதையோ இரண்டு தட்டுத் தட்டினான்.

“அந்த டிங் டாங் சத்தத்தை நிறுத்தியாச்சுக்கா. இனிமே உனக்குத் தொந்தரவு இல்ல” என்றான் தம்பி. நிஜமான பாசத்தோடுதான் சொன்னான்.

அக்காவின் குரல் மிகவும் தணிவாக வந்தது. “டேய், அதைத் திருப்பிப் போடுடா. எப்ப வருதுன்னாவது எனக்குத் தெரிய வேணாமா?”

நண்பர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தம்பி அவள் தோளைப் பிடித்து, காய்ச்சல்காரியை நடத்துவதுபோல் நடத்திக் கட்டிலில் உட்கார வைத்தான்.

திங்கட்கிழமை அவன் பத்திரிகை கொடுக்கப் போயிருந்தபோது, அவளே தேடிப் பிடித்து அந்தச் சத்தத்தைத் திருப்பிப் போட்டாள். மவுஸைப் பிடுங்கிப் பார்த்தாள், இறங்கியது. செருகினாள், ஏறியது. ஒரு நிம்மதி. சாப்பிடப் போனாள். இரண்டு நாற்பதுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். எதுவும் கேட்கவில்லை. மூன்றுக்கும் இல்லை. சத்தம் வேலை செய்கிறது, சத்தம் வரவில்லை; ஆக எதுவும் வரவில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே அறைக்குள் வந்தாள். திரை இருட்டாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தாள். ஹெட்ஃபோனை மாட்டினாள். எழுப்பினாள். பழக்கத்தில் வலது கால் பெடலைத் தேடிப் போயிற்று.

பெடல் ஏற்கெனவே அழுந்தியிருந்தது.

காலை எடுத்தாள். டாக்டரின் குரல் ஓடியது. “மூச்சை அடக்கிய நிலையில் எடுக்கப்பட்ட படம்.” நின்றது. பின்னால் போயிற்று. “மூச்சை அடக்கிய நிலையில் எடுக்கப்பட்ட படம்.” நின்றது. பின்னால். கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டுப் பெடலின் ஒயரைப் பற்றி இழுத்தாள். கழன்று கையோடு வந்தது. “மூச்சை அடக்கிய நிலையில்.”

இரண்டு கால்களையும் நாற்காலிமேல் ஏற்றிக்கொண்டாள். குனியவில்லை. அன்று டார்ச்சோடு குனிந்த தைரியம் எந்த மதியத்தில் போனது என்று அவளுக்கே தெரியாது. தம்பியை ஃபோனில் கூப்பிட்டாள். அவன் பின்னால் சம்பந்தி வீட்டுச் சிரிப்பு. ஹெட்ஃபோனைக் கழற்றி ஃபோனருகில் பிடித்தாள். கேட்டான்.

“டாக்டர் பேசறாரு. அப்ப பெடல் வேலை செய்யுதில்ல? வேற என்னக்கா வேணும்?”

வைத்துவிட்டான்.

அந்த வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தது. பத்து தடவை. இருபது. கடைசியில் அவள் விரல்கள் தாமாகவே கீபோர்டுக்குப் போயின. அடித்தாள். முற்றுப்புள்ளி வைத்தாள். குரல் அடுத்த வாக்கியத்துக்கு நகர்ந்தது. அவள் அடித்து முடிக்கும்வரை காத்திருந்தது. அடுத்தது. அவளுடைய வேகம் அதற்குத் தெரிந்திருந்தது. எந்த இடத்தில் அவள் தயங்குவாள் என்பதும்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. அக்கா நன்றாகத்தான் இருந்தாள், கொஞ்சம் மெலிந்திருந்தாள். பொறாமை உடம்பை உருக்கும் என்று பந்தியில் பேசிக்கொண்டோம். தம்பியும் அவன் பெண்டாட்டியும் அந்த ஊருக்கே போய்விட்டார்கள். இப்போது அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. மதர்போர்டு கடையை மச்சானிடம் ஒப்படைத்துவிட்டு வெளிநாடு போனான். கீழ்வீட்டுக் குடும்பம் போன வருடம் காலி செய்தது. மதியத்தில் மேலே டக், டக் என்று ஏதோ மிதிபடுகிறது, குழந்தை தூங்க மாட்டேன் என்கிறது என்றார்கள்.

அக்காவும் ஒருமுறை பெட்டி கட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். இரண்டாம் நாள் மதியம் சாப்பாட்டு மேசையில் அவளும் தம்பி பெண்டாட்டியுமாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, மேசைக்கடியில் அவளுடைய வலது பாதத்தின்மேல் ஏதோ மெல்ல அழுந்தியது. எழுந்தது. மறுபடி அழுந்தியது. மணி பார்க்க வேண்டியிருக்கவில்லை. சாயங்கால வண்டிக்கே திரும்பிவிட்டாள். தம்பி தடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு நல்ல பெயர். இவ்வளவு வேகமாக, ஒரு பிழை இல்லாமல் யாராலும் முடியாது என்கிறார்களாம்.

இரண்டு நாற்பதுக்கு அவள் நாற்காலியில் இருக்கிறாள். கால்களை மடக்கி மேலே வைத்து, போர்வையை இழுத்துச் செருகிக்கொண்டு. பெடலின் ஒயர் எதிலும் செருகாமல் கீபோர்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. கீழே வலது பாதி இறங்குகிறது, காத்திருக்கிறது, ஏறுகிறது. அவள் அடிக்கிறாள். முன்பெல்லாம் அவள் விரல் நின்றால் குரல் பின்னால் போகும். இப்போது போவதில்லை. குரல் நிற்கிறது, பெடல் நிற்கிறது, அறை நிற்கிறது. பிறகு நாற்காலியின் மெத்தையில், மடக்கிய அவள் கால்களுக்கு அருகே, ஒரு பாத அகலத்துக்கு, மெல்லப் பள்ளம் விழுகிறது.