வெள்ளைத் துத்தம்

மாலை நான்கு பத்துக்கு ஏழாவது நாக்கிலும் சீட்டு நீலமானது.

காவல் தலைவன் சிலுவைமுத்து கம்பியை ஓங்கினான். ஏழாவது ஆள் தாடை உடைந்து, முன்னால் விழுந்து கிடந்த ஆறு பேர் மேல் விழுந்தான். அவர்களில் மூவர் அசையவில்லை.

மழை நின்று ஆறு ஆண்டுகள். குடியிருப்பு கல்லிலிருந்து தண்ணீர் எடுத்துக் குடித்தது. ஜிப்சம் பாறைக்குள் நீர் படிகமாகக் கட்டுண்டு கிடக்கிறது. ஒரு கிலோ கல்லில் இருநூறு மில்லி. வறுகலம் கல்லைச் சுட்டு, ஆவியைக் குளிரவைத்துத் தரும். மிஞ்சுவது வெறும் மாவு. ஆளுக்கு ஒரு லிட்டர், விடிகாலையில் மட்டும். திருடிக் குடித்தவனை நாக்குச்சீட்டு காட்டிக்கொடுக்கும்.

சீட்டைச் செய்தவள் மதலேன். நீல மயில்துத்தத்தை வறுத்தால் உள்ளிருக்கும் நீர் போய் வெள்ளைத் தூளாகிவிடும். அதைத் தாளில் ஏற்றி, டப்பாவில் அடைத்து, மெழுகால் மூடுவாள். வெள்ளைத் துத்தம், இழந்த நீரை எங்கே கண்டாலும் பிடித்துக்கொண்டு மறுபடி நீலமாகும். பகலெல்லாம் காய்ந்த நாக்கில் பத்து எண்ணும்வரை வெளுப்பாக இருக்கும். குடித்த நாக்கில் மூன்றுக்குள் நீலம். துத்தம் பொய் சொல்லாது என்று ஊருக்குச் சொன்னவளும் அவள்தான்.

அன்று தொட்டியில் இருபது லிட்டர் குறைந்திருந்தது. வறுகலப் பணியாளர் பன்னிரண்டு பேரையும் வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். ஒன்பதாவதாக நின்றவன் அவள் கணவன் சவேரியான்.

மதலேன் திறந்திருந்த டப்பாவைப் பார்த்தாள். எந்த நாக்கையும் தொடாத சீட்டுகளின் ஓரம் நீலமாகியிருந்தது. கடல் பக்கமிருந்து காற்று வந்தது. ஆறு ஆண்டுகளில் வராத காற்று, தோலில் ஒட்டியது.

சிலுவைமுத்துவிடம் போய்த் தணிந்த குரலில் சொன்னாள். காற்றில் ஈரம் ஏறியிருக்கிறது, சீட்டு அதைத்தான் குடிக்கிறது, நிறுத்துங்கள் என்றாள்.

அவன் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டான். "ஒம் புருசன் மொற வரும்போதுதான் காத்துல தண்ணி வருதாக்கும்?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். எட்டாவது ஆளின் சீட்டும் நீலமானது. கம்பி காதுக்கு மேல் இறங்கியது.

"அப்பம் ஒங்க நாக்குல ஒண்ணு வச்சுப் பாருங்க அண்ணாச்சி," என்றாள் மதலேன்.

அவன் தன் ஒரு லிட்டருக்கு மேல் குடித்ததில்லை. ஆறு ஆண்டுகளில் ஒரு நாளும் இல்லை. அதனால் தயங்காமல் சீட்டை எடுத்தான். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, நாக்கில் வைத்து, விரல்களை உயர்த்தி எண்ணினான்.

இரண்டாவது விரலில் கூட்டம் சிரிப்பை நிறுத்தியது.

சவேரியான் அவன் கையிலிருந்து கம்பியைப் பிடுங்கினான். முதல் அடி வாயில். அடுத்தவை எங்கே விழுந்தன என்று யாரும் பார்க்கவில்லை. கூட்டத்தினர் மற்ற நான்கு காவலர்களையும் பிடித்தார்கள். முறைப்படியே செய்தார்கள். வாயைப் பிளந்து, சீட்டை வைத்து, நீலத்தைப் பார்த்த பிறகே அடித்தார்கள். ஒருவனைக்கூடச் சோதிக்காமல் கொல்லவில்லை.

மதலேன் கத்தினாள். அவர்களும் குடிக்கவில்லை, காற்றுதான் என்றாள். ஒரு சீட்டைத் தலைக்கு மேல் பிடித்தாள். அது அவள் விரல்களுக்கிடையே நீலமானது. எல்லோரும் பார்த்தார்கள். அவள் கை ஈரம் என்றார் ஒருவர். இவளை இதுவரை யாராவது சோதித்தது உண்டா என்று இன்னொருவர் கேட்டார். யாருக்கும் நினைவில்லை.

கடலுக்கு மேல் மேகம் கறுத்திருந்தது. ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

சவேரியான் டப்பாவிலிருந்து ஒரு சீட்டை எடுத்தான். நடுவில் இன்னும் கொஞ்சம் வெள்ளை இருந்தது. அவன் முழங்கைவரை இரத்தம். சீட்டை அவள் உதட்டருகே நீட்டினான். அவள் பற்களைக் கடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் தெறந்தாச்சு. நீ மட்டும் எதுக்கு வாயத் தெறக்க மாட்டேங்குத?"